தோப்ரி சொல்லாத மாத்திரை

என் கணவர் தோப்ரிக்கு இருப்பது ஒரே கண். இடது கண்ணை இருபது வயதில் கல்குவாரியில் தெறித்த சில்லு கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் புரை வளர்ந்து, இரண்டு வருடமாகச் செய்தித்தாளை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். எனக்குப் பிடிக்காத செய்திகளைத் தாண்டிவிடுவேன், அது வேறு விஷயம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததிலிருந்து எங்கள் தொண்டையில் ரொட்டி இறங்கவில்லை. இந்தக் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கைவசம் வேறு கண் கிடையாது.

அன்று கண் ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முன்னால் கேள்வி கேட்கும் அறைக்குள் நோயாளியோடு ஒருவர்தான் போகலாம் என்றார்கள். என் நாத்தனார் தோச்கா முந்திக்கொண்டாள்.

"அண்ணனை நான் பாத்துக்கிறேன். நீங்க உக்காருங்க அண்ணி."

உட்காருவேனா? கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து நின்றேன். சத்தம் கேட்கவில்லை, தலைகள் மட்டும் தெரிந்தன. எங்கள் பல்கேரியத் தலை பக்கவாட்டில் ஆடினால் ஆமாம், மேலும் கீழும் ஆடினால் இல்லை. நர்ஸ் ருமியானா கேட்கக் கேட்க அவர் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே வந்தார். கேள்விகளை நானே ஊகித்துக்கொண்டேன். முகம் கழுவியாயிற்று, ஆமாம். ரத்தக் கொதிப்பு மாத்திரை உண்டு, ஆமாம். வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் உண்டு, ஆமாம். பிறகு நர்ஸ் இன்னொன்று கேட்டாள். மனிதர் தங்கையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேறு மாத்திரை உண்டா என்றுதான் கேட்டிருப்பாள். ஒரு வருடமாக விழுங்குகிறாரே, அதைத் தங்கை முன்னால் சொல்ல வெட்கம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"பொய் சொல்றாரு சிஸ்டர். ஒண்ணுக்கு சரியாப் போக ஒரு மாத்திரை போடறாரு."

"வேல்கா, மானத்தை வாங்காதே."

"மானம் போனா போகட்டும். கண்ணு போனா எங்க போய் வாங்கறது?"

தோச்கா சுவரில் இருந்த கண் படத்தை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "நல்லவேளை சொன்னீங்கம்மா. அந்த மாத்திரை போடறவங்களுக்கு ஆபரேஷன் நடுவுல கண் பாப்பாவைச் சுத்தி இருக்கற திரை தொளதொளன்னு ஆயிடும், பாப்பா சுருங்கிடும். முன்னாடியே தெரிஞ்சா டாக்டரம்மா அதுக்கு வேண்டியதைத் தயாரா வச்சுப்பாங்க. தெரியலேன்னாதான் வம்பு."

"அப்ப இன்னைக்கே நிறுத்திடறேன்" என்றார் தோப்ரி.

"நீங்களா நிறுத்தக் கூடாது மாமா. நிறுத்தினாலும் அது பண்ணினது உடனே சரியாகாது. எங்ககிட்ட சொல்லணும், அவ்வளவுதான்."

அவளுக்கு என்ன தோன்றியதோ, எழுந்து வராந்தாவுக்குப் போனாள். பெஞ்சில் ஐந்து ஆண்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். "உங்கள்ல யாராவது ஒண்ணுக்குப் போறதுக்கு மாத்திரை போடறீங்களா?"

ஐந்து தலைகளும் மேலும் கீழும் ஆடின. அவர்களுக்குப் பின்னால் நின்ற மனைவிமார் நாலு பேரின் தலைகளும் பக்கவாட்டில் ஆடின. நர்ஸ் படிவத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஐந்தாவது ஆள் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு எழுந்தார்.

"என் வீட்டுக்காரி வரலை. நானே சொல்லிடறேன், நானும் போடறேன்."

அப்புறம் அந்த வராந்தாவில் கல்யாண வீட்டுச் சிரிப்புதான்.

அறுவை சிகிச்சை முடியும்வரை தோச்காவும் நானும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு உயிரே இல்லை. திரை நழுவப் பார்த்தது, தயாராக இருந்ததால் சமாளித்தோம் என்று டாக்டரம்மா வந்து சொன்னபோதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் காலை கட்டைப் பிரித்து, என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். தோப்ரி அதை வெடுக்கென்று பிடுங்கினார்.

"குடு. நானே படிக்கிறேன்."

வராந்தா நடுவில் நின்று, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். கண்ணைக் கசக்கக் கூடாது. தண்ணீர் படக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. சொட்டு மருந்து நாளைக்கு நாலு வேளை. அடுத்த வரியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தோச்கா பக்கத்திலேயே நின்றாள். மனிதர் ஓர் எழுத்து விடாமல், வாசல்வரை கேட்கும்படி படித்தார்:

"சிறுநீர் மாத்திரை, தினமும் ஒன்று, வழக்கம்போல்."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னொரு தடவை படிக்கட்டுமா?"

சந்தோஷத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "படிங்க" என்றேன்.