நடக்கும்போது பேசாதவள்

வாசலில் கிடத்தியிருந்த அப்பாவின் தலையில் எண்ணெய் தொட்டு வைத்துவிட்டு, சீயக்காய்க் கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டினாள் செந்தமிழ். ராசம்மாள் வாங்கிக்கொண்டாள். உச்சந்தலையில் மெதுவாகத் தேய்த்தாள். அழவில்லை.

"இப்பனாச்சும் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசு அண்ணி" என்றாள் அமுதவல்லி அத்தை. அப்பாவின் தங்கை. "ஒரு வருசமா எங்கண்ணன முன்னால நடக்கவுட்டு, பின்னால ஊமையாட்டம் வந்தியே. ஊரே பாத்துச்சு."

சுற்றி நின்ற பெண்கள் யாரும் அதை மறுக்கவில்லை. ராசம்மாள் கிண்ணத்தை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

போன மாதம் அப்பா செந்தமிழிடம் போனில் சொல்லியிருந்தார்: "ஒங்கம்மா வழியில எங்கூட பேசறதே இல்ல பாப்பா." அவள் சென்னையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டு சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று கவனிக்கவில்லை. நேற்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், டீ போட்டு எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

அப்பா சகாதேவனும் ராசம்மாளும் ஒரே உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் பேசியதெல்லாம் போகிற வழியிலும் வருகிற வழியிலும்தான். வீட்டில் சோறும் தூக்கமும். வேலையை விட்ட பிறகும், காலையில் உப்புப் பாத்தி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கால் மெலிந்து, கைலியில் குச்சி நட்டதுபோல் ஆன பிறகும் போனார். அம்மா பின்னாலேயே போவாள்.

கொல்லையில் அம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"சண்டையாம்மா?"

"யாருக்கு?"

"ஒனக்கும் அப்பாவுக்கும்."

ராசம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "ரெண்டாந்தரம் வுழுந்தப்ப பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன் இல்ல? அங்க தலையில ஒயர் வெச்ச தொப்பி ஒண்ணு மாட்டி நடக்கச் சொன்னாங்க. நேராத்தான் போனாரு. நடந்துகிட்டே சொல்லுங்க தாத்தா, நேத்து என்ன கொழம்புன்னு கேட்டுச்சு அந்த டாக்டர் பொண்ணு. அவ்ளோதான். தள்ளாடிப் போயிட்டாரு. நான் புடிச்சேன்."

"என்ன சொன்னாரு?"

"நண்டுக் கொழம்புன்னாரு. வீட்ல அன்னிக்கி வெறும் ரசம்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது.

"நமக்கெல்லாம் கால் தன்னால நடக்குதாம். இவுருக்கு ஒவ்வொரு அடிக்கும் மூளை கூடவே இருக்கணுமாம். பேச்சு குடுத்தா அது பேச்சுக்குத் திரும்பிடும், காலு அநாதையாயிடும், நடக்கறப்ப பேசாதீங்கம்மான்னுச்சு. அதான் பேசல."

"இத அவருகிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா மூலையில குந்திக்குவாரு. ரோசக்காரரு. அத்தைகிட்ட சொன்னாலும் அவுரு காதுக்குப் போயிடும்." குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பாத்திப் பக்கம் போனா மூச்சு வாங்க நிப்பாரு. அப்ப ரெண்டு வார்த்த பேசுவேன். மத்தபடி மூஞ்சத் தூக்கிகினு வர்றேன்னுதான் நெனச்சிருப்பாரு. அப்பிடியே போயிட்டாரு" என்றாள்.

போன் விஷயத்தைச் செந்தமிழ் சொல்லவில்லை.

வாசலில் கலியபெருமாள் பாடைக்கு ஓலை முடைந்துகொண்டிருந்தார். அப்பாவோடு உப்பு வாரியவர். கொஞ்சம் குடித்திருந்தார். தண்ணீர் கொண்டுபோன செந்தமிழைப் பார்த்ததும் கை நின்றது.

"ஒங்கப்பன் இருக்கானே, கள்ளன்மா. வரப்புல பத்தடிக்கு ஒரு தரம் நின்னுடுவான். ஏம்பா, மூச்சு வாங்குதான்னு கேட்டேன். மூச்சும் இல்ல ஒண்ணும் இல்ல, நின்னாத்தான் அவ பேசுறா, அதுக்குத்தான் நிக்கறேன்னான்."

"எதுக்குப் பேசலன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம? செவுட்டுக் கெழம்னு நெனச்சிகினு டாக்டரும் ஒங்கம்மாவும் பக்கத்துலயே பேசிச்சுங்களாம். எல்லாம் கேட்டுச்சுடா, அவகிட்ட சொல்லிடாதன்னான்." மூக்கை உறிஞ்சினார். "பொழுது ஏற ஏற அதிகமா நிப்பான். வீடு வந்துடப்போவுதேன்னு."

செந்தமிழ் திரும்பினாள். நிலைப்படியில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

பாடை கிளம்பியது. பறை முன்னால் போனது. அமுதவல்லி அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ராசம்மாள் சற்றுத் தள்ளி, விழுந்தால் பிடிக்கிற தூரத்தில், பாடையின் கால்மாட்டைப் பார்த்தபடி நடந்தாள். வாய் திறக்கவில்லை.

"பாருங்கடி, இப்பவும்" என்றாள் யாரோ.

தெரு முடிந்து உப்பளம் தொடங்கும் இடத்தில் பாடையை இறக்கினார்கள். பெண்கள் அதற்கு மேல் வரக்கூடாது. வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. தோள் மாற்ற ஆட்கள் சுற்றி வந்தார்கள்.

ராசம்மாள் முன்னால் போனாள். பாடையருகே குந்தினாள். குனிந்து, அவர் காதருகே பேசத் தொடங்கினாள். ஒப்பாரி இல்லை. வெறும் பேச்சு. கையை நீட்டி ஒரு பாத்தியைக் காட்டினாள். பிறகு வேறு ஏதோ. செந்தமிழுக்கு 'நண்டு' என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது.

தூக்கக் குனிந்தவர்களைக் கலியபெருமாள் கையமர்த்தினார். பறையும் நின்றது.

அவள் பேசி முடித்து எழுந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

பாடை எழுந்தது. ராசம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.