நினோஸ்காவின் இடத்தில் ஒரு தன்னார்வலர்

1

இந்தக் கதைக்கு நான்தான் காரணம். எழுத்தாளன் என்ற பெருமையில் சொல்லவில்லை. டோன் எவெனோர் தன் விடுதிக்கு ஒரு விளம்பரம் கேட்டார். எழுதி இணையத்தில் போட்டுக் கொடுத்தேன். ‘எரிமலை நிழலில் உள்ளூர்க் குடும்பத்தோடு வாழுங்கள்! தினமும் நான்கு மணி நேரம் சமையலறையில் கைகொடுங்கள், படுக்கை இலவசம்.’ எவெனோரின் குடும்பம் இருப்பது தலைநகர் மனாகுவாவில். அதைப் படித்துத்தான் யோரிட் படகேறி எங்கள் ஒமெதெபே தீவுக்கு வந்தான்.

முதலில் எழுதிய தொடக்கம்: (ஏரியின் மேல் பொன்னிறமாகச் சூரியன் எழ, இரட்டை எரிமலைகள்…) வேண்டாம். இதுவும் விளம்பரம்தான்.

2

யோரிட் ஹாலந்துக்காரன், வயது இருபத்துநான்கு. குறைந்த செலவில் ஊர் சுற்றுகிறவன்; முதுகில் மட்டும் ஒரு பீரோவின் பாதி. வாழைப்பழக்காரியிடம் பேரம் பேசி வென்றதை நாள்குறிப்பில் ‘எளிய மக்களோடு ஓர் உரையாடல்’ என்று எழுதியிருந்தான்.* ஏழ்மையை மூன்று மாதத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தான், திரும்பும் விமானச் சீட்டோடு.

* அவனே வாசித்துக் காட்டினான். நடுவில் ஓரிடத்தில், பாராட்டுக்காக, சற்று நிறுத்தினான்.

(அவனைக் கெட்டவனாக எழுதப் பார்த்தேன். பாத்திரம் கழுவும்போது பாடித் தொலைக்கிறான். கெட்டவர்கள் பொதுவாக… தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

3

அந்தச் சமையலறையில் பதினோரு வருஷமாக நின்றவர் டோன்யா நினோஸ்கா. (டோன், டோன்யா என்பது எங்கள் ஊர் மரியாதை; ஐயா, அம்மா மாதிரி.) இரண்டு பெண்கள் படிக்கிறார்கள்; வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. கைகொடுக்க வந்த பிள்ளைதானே என்று ஒரு வாரம் யோரிட்டுக்குக் காயோ பிந்தோ கற்றுக்கொடுத்தார். சோறும் சிவப்பு பீன்ஸும் வெங்காயத்தோடு வதக்குவது. எங்கள் காலைச் சாப்பாடு.

“நேத்துச் சோறுதான் வேணும், செலே. இன்னிக்கு வடிச்சது ஆகாது.”

வெள்ளைக்காரப் பையன்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“பழசா? வந்தவங்களுக்கா?”

“உங்க ஊர்ல பாலாடைக்கட்டிய வருஷக்கணக்கா வச்சுத் திங்கிறீங்களே, அது மட்டும் புதுசாப்பா?”

சனிக்கிழமை, யோரிட் எரிமலை ஏறப் போயிருந்தபோது, எவெனோர் அவரிடம் சொன்னார்: “திங்கக்கிழமைல இருந்து நீங்க வர வேணாம் டோன்யா. இனிமே பையன் பாத்துக்குவான்.”

4

திங்கட்கிழமை யோரிட் ஒரு பிழை செய்தான். பயணிகளால் மட்டுமே முடிகிற பிழை. விருந்தினர் மேல் இருந்த மரியாதையில் பழைய சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டு, புதிதாக வடித்து, ஆவி பறக்கப் பறக்க வதக்கினான். களியாகிவிட்டது.

இங்கே நீதி கிடைக்கும் என்று நம்பி ஒரு பத்தி காலியாக விட்டிருந்தேன். விருந்தினர்கள் மறுபடியும் போட்டுக்கொண்டார்கள். “அசல் கிராமத்து ருசி!” என்றாள் ஒரு கனடாக்காரி, கண்ணை மூடிக்கொண்டு.

அன்று முற்பகல் நினோஸ்கா எவெனோரிடம் போனார்.

“நானும் தன்னார்வலர்தான், எழுதிக்கோங்க. படுக்கை என் வீட்டுலயே இருக்கு. அதுக்குப் பதிலா சம்பளத்தக் குடுங்க.”

“விளையாடாதீங்க டோன்யா. அவன் வர்றவங்ககிட்ட இங்கிலீஷ் பேசுறான்.”

“பீன்ஸ்கிட்டயும் பேசுறானா?”

நல்ல கேள்வி. வேலை கிடைக்கவில்லை.

5

முடிவுகள். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: யோரிட்டுக்கு உண்மை தெரிகிறது, அழுகிறான், விடுதியை விட்டுப் போகிறான். சிக்கல், கதாநாயகன் அவனாகிவிடுகிறான், நாள்குறிப்பில் இன்னும் நான்கு பக்கம் சேரும். தவிர, வியாழக்கிழமைப் படகில் அடுத்தவன் வருகிறான்.

இரண்டு: எரிமலை வெடிக்கிறது. சோம்பேறித்தனம்.

மூன்று: நினோஸ்கா சொந்தமாகக் கடை திறந்து (எதை வைத்து?)

இதுவரை எழுதியதை நினோஸ்காவுக்கே, என் வீட்டில் வைத்து, வாசித்துக் காட்டினேன். பீன்ஸ் வரியில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

“நல்லாத்தான் எழுதியிருக்க. அந்த விளம்பரம் இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

“நீதானே போட்ட. எடுத்துரு. இந்தப் பையன் போனப்புறம் புதுசா ஆள் வரலன்னா அவரு என்னைத்தானே கூப்பிடணும்.”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி டோன்யா…”

“அப்ப வா, கேப்போம். நாலு வீடு தள்ளித்தானே இருக்கு விடுதி.”

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். விளம்பரம் எழுதியதற்குக் கூலியாக எவெனோர் விடுதியில் தினமும் எனக்குக் காலைச் சாப்பாடு. திங்கட்கிழமைக் களியை நானும் தின்றேன். இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

நினோஸ்கா எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“வர்றியா, இல்ல இன்னும் எழுதணுமா?”

இன்னும் கொஞ்சம் எழுதணும் என்றேன். அதனால்தான் இந்த வரிகள். ‘வாசகரே, முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன்’ என்று அழகாக ஒரு வாக்கியம் போட்டுப் பார்த்தேன். அடித்துவிட்டேன். வாசலில் நிற்கிறவர் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை.