வெள்ளிக்கிழமை வேண்டாம்

வீட்டுக்காரி சிக்னோரா நுன்சியா மூன்றாம் மாடிக் கதவைத் திறந்துவிட்டதுமே ஆரணிக்கு அந்த வீட்டின்மேல் ஆசை விழுந்துவிட்டது. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னாலிருந்த பழைய கட்டடம். கூரையில் யாரோ ஒரு காலத்தில் தீட்டிய திராட்சைக் கொடி பாதி உதிர்ந்திருந்தது. மீதி இன்னும் பச்சை. கிழக்கே சின்னதாய் ஒரு பல்கனி. எல்லாவற்றுக்கும் மேலாக, தனிக் குசினி. இப்போது இருக்கும் இடத்தில் மூன்று குடும்பங்களுக்கு ஓர் அடுப்பு; புட்டு அவிக்கவும் முறை பார்த்து நிற்க வேண்டும்.

அவளுடைய கணவன் றஞ்சித் கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் உணவகச் சமையல்காரன். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் கூடவே வந்திருந்தான். இருவரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றியது சிக்னோராவுக்குப் பிடித்துப்போயிற்று.

"சாவி எப்போது வேண்டும்?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை," றஞ்சித் முந்திக்கொண்டான். "எங்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது."

சிக்னோராவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கை தானாகப் பல்கனிக் கம்பியின் இரும்பைத் தொட்டது. "யோசித்துச் சொல்கிறேன்."

ஆரணி றஞ்சித்தின் பக்கம் திரும்பினாள். இதே வார்த்தையை வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறாள். அதன்பிறகு தொலைபேசி அடித்ததே இல்லை.

"என்னப்பா சொன்னனீங்கள்?"

"நாள்தானே சொன்னனான்! வேறை என்ன சொன்னனான்?"

"நீங்கள் வாயைத் திறந்தா வீடு போயிடும்."

மற்ற இடங்களில் என்றால் பேசாமல் இறங்கிப் போயிருப்பாள். இன்று கால் நகரவில்லை. "சிக்னோரா, வெள்ளிக்கிழமையில் என்ன குறை?"

கெட்டது அண்டாமலிருக்க மறுபடி இரும்பைத் தொட்டுக்கொண்டு சிக்னோரா குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளியும் செவ்வாயும் இங்கே யாரும் வீடு மாறுவதில்லை. என் தம்பி கேட்காமல் வெள்ளியன்று குடிபோனான். அன்றைக்கே தண்ணீர்க் குழாய் வெடித்தது. அவன் பெண்டாட்டி இன்னும் அவனைத் திட்டுகிறாள்."

ஆரணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "செவ்வாய் எங்களுக்கும் ஆகாது, சிக்னோரா!"

"அப்படியா?" சிக்னோரா நெருங்கி வந்தாள். இருவரும் சம்பந்தம் பேசுகிறவர்களைப்போல வாரத்தைப் புரட்டினார்கள். வியாழன் அட்டமி. சனி ஆகாது. ஞாயிறு றஞ்சித்துக்கு மூச்சுவிட நேரமில்லாத நாள். புதன் இருவருக்கும் சம்மதம்தான். ஆனால் புதனுக்குள் வேறு யாராவது வந்து நின்றால்?

"இண்டைக்குத் திங்கள்தானே," என்றாள் ஆரணி. "ராகுகாலம் முடிஞ்சுதோ?"

றஞ்சித் போனைப் பார்த்தான். "ஓம், முடிஞ்சுது. ஆனா பாலும் இல்லை, பானையும் இல்லையே."

விஷயம் கேட்ட சிக்னோரா கீழே தன் வீட்டுக்கு இறங்கிப்போய்ப் பால் பெட்டியும் சீனியும் காப்பிக் கோப்பைகளும் ஒரு குட்டிச் சட்டியும் கொண்டுவந்தாள். பால் நுரைத்து ஏறியபோது அலறிக்கொண்டு அடுப்பை நிறுத்தப் பாய்ந்தாள். ஆரணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கள், பொங்க வேண்டும்."

"நேற்றுத்தான் அந்த அடுப்பைத் தேய்த்தேன்!"

"பொங்கினால் வீடு நிறையும், சிக்னோரா."

சிக்னோரா கண்ணை மூடிக்கொண்டாள். பால் பொங்கிப் பல்கனிப் பக்கமாக வழிந்தது.

"கிழக்காலை!" உதைபந்தில் கோல் விழுந்ததுபோலக் கத்தினான் றஞ்சித்.

"நல்லதா?" ஒரு கண்ணை மட்டும் திறந்து கேட்டாள் சிக்னோரா.

"இதைவிட நல்லது இல்லை."

சிக்னோரா சிலுவை போட்டுக்கொண்டாள். துணியை ஆரணியிடம் கொடுக்காமல் தானே அடுப்பைத் துடைத்தாள். பிறகு சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "சாமான்களைப் புதனன்று கொண்டு வாருங்கள். நாளைக்கு ஒரு கரண்டிகூட இந்த வாசலைத் தாண்டக்கூடாது."

"தாண்டாது," என்றாள் ஆரணி மனதார.

மூவரும் காப்பிக் கோப்பைகளில் பாலைக் குடித்தார்கள். சிக்னோரா இன்னொரு கரண்டி சீனி போட்டுக்கொண்டாள். றஞ்சித் மெல்ல ஆரணியின் பக்கம் குனிந்தான்.

"குளிக்கிற அறையைப் பாத்தனீரே?"

"இல்லை. நீங்கள்?"

"நானும் இல்லை."

இரண்டு பேரும் எதற்காக இப்படிச் சிரிக்கிறார்கள் என்று சிக்னோரா கேட்டாள்.