பச்சைப் பொத்தான்

"அப்ப அதையும் எடுத்துடு."

"ஆன்ட்டி, அது தேதி. தேதி இல்லாம எப்படி?"

"தேதி எனக்குத் தெரியும். காலண்டர் செவுத்துல தொங்குது. போன வாரம் என்ன ஆச்சு? பெண்கள் உபவாசக் கூட்டம்னு போட்டேன். உன் பெட்டி அது 1970-ல நடக்கப்போகுதுன்னு ஊருக்கே சொல்லிடுச்சு. மூப்பர் க்வான்சாவோட வீட்டம்மா போன் பண்ணி, 'ஏன்மா, நான் அப்ப பொறக்கவே இல்லையே, எப்படி வரது'ன்னு கேக்கறா."

மூலையில் தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து விரல்களால் தட்டிக்கொண்டிருந்த என் தம்பி ஃபிஃபி சிரித்தான்.

"நீ சிரிக்காத. முதல்ல அந்த இடது கையைக் கீழ இறக்கு. பெரியவங்க முன்னாடி இடது கையால தட்டற."

"இடது கைதான் ஆன்ட்டி சபைக்கே தாளம் போடுது. வலது கை சும்மா துணைக்கு வருது."

டோர்காஸ் ஆன்ட்டி அவனைப் பொருட்படுத்தவில்லை. சபையின் அறிவிப்புகள் எல்லாம் அவர் பொறுப்பு. கணினியைத் தொடும்போது சூடான சட்டியைத் தொடுவதுபோல விரல் நுனியால்தான் தொடுவார்.

"இன்னொண்ணு, எக்குவா. பொத்தானை அழுத்தினா 'நிச்சயமா?'ன்னு கேக்குது. ஐம்பத்து மூணு வயசு எனக்கு. எதுல நான் நிச்சயமா இருந்திருக்கேன்? அதையும் எடு."

எடுத்தேன். அது ஜனவரி. அன்று நான் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்ட பெட்டிகள்தான் ஆகஸ்டில் என் தம்பியின் உயிர்மேல் வந்து நின்றன.

கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்பது என் வேலை. சபையின் தளத்தில் எழுத வேண்டுமென்றால் முன்பெல்லாம் ஒரு பக்கம் முழுக்கப் பெட்டிகளை நிரப்ப வேண்டும். எழுதியவர் பெயர், தேதி, பிரிவு, வரைவா, வெளியிடலாமா. யாருக்கும் புரியவில்லை. யார் வேண்டுமானாலும் எழுதுகிற மாதிரி எளிமையாக்கித் தா என்று கேட்டார்கள். வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்தேன். கடைசியில் திரையில் ஒரு வெள்ளைப் பெட்டியும் அதன் கீழே ஒரு பச்சைப் பொத்தானும் மட்டும் மிஞ்சின. எழுது, அழுத்து, முடிந்தது. நான் செய்தவற்றில் அதுவே அழகானது என்று நினைத்தேன். கதவே இல்லாத வெள்ளை வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மட்டும் நான் எடுக்கவில்லை. எந்தப் பக்கத்தை யார் எப்போது திருத்தினாலும், அதன் பழைய வடிவம் உள்ளே தங்கிவிடும். 'பழைய பதிப்புகள்' என்ற பட்டியலைப் பார்த்ததும் டோர்காஸ் ஆன்ட்டி முகம் சுளித்தார். "தப்பைத் திருத்தினா தப்பு போயிடணும். இது என்ன, தப்பையெல்லாம் சேர்த்து வெச்சுக்குது?" என்றார். மற்றவர்கள் கண்ணில் படாதபடி அதை மறைத்தேன். என் மடிக்கணினியில் மட்டும் தெரியும். பயப்படுகிறவள் வீட்டின் மாற்றுச் சாவி ஒன்றை வைத்துக்கொள்வதைப் போன்ற பழக்கம், அவ்வளவுதான்.

முதலில் மகிழ்ந்தவர் அப்பா. தீர்க்கதரிசி நியாமேச்சேயை எங்கள் சபையில் எல்லோரும் அப்பா என்றே அழைப்போம். அதுவரை கணினிப் பக்கமே வராதவர், இப்போது காரில் போகும்போதே கட்டை விரலால் எழுத ஆரம்பித்தார்.

வருடக் கடைசி இரவில் நாங்கள் எல்லோரும் வெள்ளை உடுத்தி, தகரக் கூரைக்கடியில் விடியும்வரை நிற்போம். வரப்போகும் வருடத்தில் நடக்கவிருப்பவற்றை அப்பா ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வொரு வாக்குக்கும் ஃபிஃபி டிரம்ஸின் பித்தளைத் தட்டை ஓங்கி அடிப்பான். சனம் அலறும். மறுநாள் அவை தளத்தில் ஏறும். மேலே பெரிய எழுத்தில், 'டிசம்பர் முப்பத்தொன்று இரவு உரைக்கப்பட்டவை.' அந்தத் தலைப்பின் கீழே என்றைக்கு எதை எழுதிச் சேர்த்தாலும், அது டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி உரைக்கப்பட்டதாகிவிடும். வேறு தேதி காட்ட அங்கே பெட்டி இல்லை. எடுத்தவள் நான்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, நெடுஞ்சாலை வளைவில் ஆரஞ்சு ஏற்றி வந்த லாரி ஒன்று, ஆட்களை ஏற்றிப் போன ட்ரோட்ரோ வேன்மேல் கவிழ்ந்தது. எங்கள் சபைப் பெண்கள் சிலர் அதில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா தளத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். 'சாலையில் ஆரஞ்சுகள் உருள்கின்றன, அவற்றின்மேல் ரத்தம்' என்று அங்கே இருந்தது. சபை தரையில் விழுந்து அழுதது. நானும் அழுதேன். வீட்டுக்கு வந்து பழைய பதிப்புகளைத் திறந்தேன். அந்த வரி சனிக்கிழமை மதியம் ஏறியிருந்தது.

டிசம்பர் இரவில் சொன்னதுதான், எழுத மறந்திருப்பார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஃபிஃபியிடம் அது எடுபடவில்லை.

"ஆரஞ்சுக்கு நான் தட்டு அடிக்கவே இல்லையே, அக்கா," என்றான் மீனைப் பிய்த்துக்கொண்டே. "அவர் சொல்ற ஒவ்வொண்ணுக்கும் என் கை போகும். ஆரஞ்சுன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

"வெளியில சொல்லாத."

"யார்கிட்ட சொல்லப் போறேன்."

பாடகர் குழு முழுவதிடமும் சொன்னான். வேடிக்கையாகத்தான். பயிற்சியின் நடுவே அப்பாவின் குரலில், "சாலையில் ஆரஞ்சுகள்" என்று முழங்கிவிட்டு, தட்டை அடிக்காமல் கையைத் தூக்கிக்கொண்டே நின்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம். கதவருகே நின்றிருந்த அப்பாவும் சிரித்தாராம்.

அதன்பின் மாதக்கணக்கில் அப்பா அவனோடு பேசவில்லை. ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, அப்பா என்னை மன்னிச்சுட்டாரு," என்றான் ஃபிஃபி. "காயலுக்கு அக்கரையில மூணு நாள் ஜெபம். வேற யாரும் கிடையாது. அவரும் நானும்தான்."

அம்மா பூரித்துப் போனாள். தன் புது வெள்ளைத் துணியை எடுத்து அவன் தோளில் போர்த்தி அனுப்பினாள். எங்களைப் பெற்ற அப்பாவைக் கடல் கொண்டு போனபிறகு எங்கள் இருவரையும் அவள் தண்ணீர்ப் பக்கம் விட்டதே இல்லை. மீனவன் மகனான ஃபிஃபிக்கு நீச்சல் தெரியாது. அன்று அதை அவளும் மறந்துவிட்டாள். யாரோடு போகிறான் என்பது ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மதியம் வழக்கம்போலத் தளத்தைப் பார்த்தேன். உரைக்கப்பட்டவற்றின் கடைசியில் ஒரு வரி புதிதாக இருந்தது.

'இந்த வீட்டில் தாளம் அடிக்கும் ஒருவனைத் தண்ணீரில் காண்கிறேன். கரையில் ஒரு தாய் தலையில் கைவைத்து நிற்கிறாள்.'

பழைய பதிப்புகளைத் திறந்தேன். அன்று காலை எழுதியது. எங்கள் வீட்டு வாசலில் அவர் கார் நின்றுகொண்டிருந்த நேரம்.

ஆரஞ்சு வரி, லாரி கவிழ்ந்த பிறகு வந்தது. இதற்கு முன்னால் எதுவும் நடந்திருக்கவில்லை.

ஃபிஃபியை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஜெபத்துக்குப் போகிறவர்களின் போன்களைக் கரையிலேயே கூடையில் வாங்கி வைத்துவிடுவார்கள். சபையில் தாளம் அடிக்கிறவர்கள் இருவர், இன்னொருவனாகவும் இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டு, அந்த வரியை அழித்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். நிச்சயமா என்று எதுவும் என்னைக் கேட்கவில்லை.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். வரி திரும்பி வந்திருந்தது. ஒரே ஒரு மாற்றம்.

'இந்த வீட்டில் இடது கையால் தாளம் அடிக்கும் ஒருவனைத் தண்ணீரில் காண்கிறேன்.'

மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சபை அலுவலகத்துக்கு ஓடினேன். டோர்காஸ் ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டிருந்தார். திரையை அவர் முன் திருப்பினேன். உதடு அசைய வாசித்தார்.

"இயேசுவே. இது நம்ம ஃபிஃபியா?"

"வேற யாரு?"

"அப்ப உபவாசம் இருக்கணும். உடனே சொல்லி அனுப்பணும். டிசம்பர்லயே சொல்லியிருக்காரு பாரு, நாமதான் கவனிக்கல."

"டிசம்பர்ல சொல்லல, ஆன்ட்டி. இன்னைக்குக் காலையில எழுதினது."

"மேல போட்டிருக்கே, டிசம்பர் முப்பத்தொண்ணுன்னு."

"அந்தப் பக்கத்துல என்ன எழுதினாலும் அப்படித்தான் காட்டும். நீங்கதானே தேதியை எடுக்கச் சொன்னீங்க."

"நானா சொன்னேன்?" அவர் குரல் தணிந்தது. "எனக்கு என்னம்மா தெரியும். அப்பாதான் ஒவ்வொண்ணா சொல்லி அனுப்புவாரு. தேதியை எடுக்கச் சொல்லு. அந்தக் கேள்வியை எடுக்கச் சொல்லு. பழைய பட்டியலை எடுக்கச் சொல்லு. நான் சொன்னா நீ செய்வேன்னு."

வெளியே காயல் பக்கமிருந்து காற்று வந்து தகரக் கூரையை லேசாகத் தூக்கிப் போட்டது.

"1970, மூப்பர் வீட்டம்மா போன் பண்ணது எல்லாம்?"

"அது நெசமாவே நடந்துச்சு," என்றார் அவசரமாக. பிறகு, "இன்னைக்கு எழுதினதுன்னு நீ எப்படிச் சொல்ற?" என்றார்.

காட்டினேன். காலையில் எழுதியது, நான் அழித்தது, மறுபடி எழுதியது. அதன் கீழே ஆரஞ்சு. அதற்கும் கீழே நான் அதுவரை பார்க்காத இன்னும் சில. டோர்காஸ் ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை நீ எடுக்கவே இல்லையா?"

"மறைச்சுதான் வெச்சேன்."

"அப்பாவுக்குத் தெரியாதே," என்றார்.

மேசைமேல் அவர் போன் அதிர்ந்தது. திரையில் அப்பாவின் படம், வெள்ளை அங்கியில், இரு கைகளையும் விரித்தபடி. வேண்டாம் என்று தலையசைத்தேன். ஆன்ட்டி அதைப் பார்த்துக்கொண்டே எடுத்தார். இருபது வருடங்களாக அந்தக் குரலிடம் எதையும் மறைத்துப் பழகாதவர்.

"ஆமாப்பா. இங்கதான் இருக்கா. ஆமா, அவதான் அழிச்சிருக்கா." பிறகு என்னைப் பார்க்காமல், "பழசெல்லாம் ஒரு இடத்துல அப்படியே இருக்குதாம், அப்பா. அவ காட்டினா," என்றார்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

"எக்குவா, மகளே," என்றது அந்தக் குரல். "சாப்பிட்டியா?"

"தம்பி எங்க அப்பா?"

"இங்கதான், எதிர்ல உக்காந்திருக்கான். நடுக் காயல்ல இருக்கோம். நீ செஞ்சு குடுத்தது எவ்வளவு சுலபமா இருக்கு தெரியுமா? படகுல இருந்துகிட்டே எழுத முடியுது."

அவர் குரலுக்குப் பின்னால் தண்ணீர் படகுப் பலகையை நக்கும் சத்தம். அதோடு இன்னொரு சத்தம். யாரோ படகின் விளிம்பில் விரல்களால் தட்டிக்கொண்டிருந்தார்கள், வேகமாக, உற்சாகமாக. அந்தத் தாளத்தை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

"அவன்கிட்ட போனைக் குடுங்க அப்பா. ஒரே ஒரு வார்த்தை."

"குடுக்கறேன். நல்ல பையன். நீச்சல் தெரியாதாமே, இப்பதான் சொன்னான்." அவர் மெல்லச் சிரித்தார். தாளம் நிற்கவில்லை. "அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்தப் பழசெல்லாம் எதுக்கு மகளே? வயசானவங்க பார்த்தா குழம்பிடுவாங்க. நான் லைன்லயே இருக்கேன். அதையும் எடுத்துடறியா?"