கஸ்பாருக்குக் கட்டிய பாட்டு

1973ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, சங்கு குளிக்கப் போய்ச் செத்து எட்டு மாதமாகியிருந்த தொம்மை, தூத்துக்குடி கடற்கரைப் படிப்பகத்தின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். அவனைப் பற்றித் தானே கட்டிய பாட்டில் வில்பிரட் அப்போது இரண்டாவது சரணத்தில் இருந்தான். தொம்மையின் வேட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. காதோரத்து ரத்தம் இன்னும் காயவில்லை. பாட்டு முடிந்தபோது ஈரம் மட்டும் கிடந்தது. படிப்பகக் காரியதரிசி அதைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வில்பிரட் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். ஒரு கிரேக்க மாலுமியிடம் வாங்கிய கிதாரில் ஐந்து கம்பிதான் இருந்தது, ஆறாவது கடைசிவரை கிடைக்கவில்லை. ஞாயிறுதோறும் படிப்பகத்தில் முப்பது பேருக்கு முன்னால் தன் பாட்டுகளைப் பாடுவான். விதி என்னவென்று ஊருக்குச் சீக்கிரமே பிடிபட்டது. பாட்டு யாரைப் பற்றியதோ அவர் செத்தவர் என்றால் செத்த நேரத்துக் கோலத்தில் வருவார், பாட்டு முடியும்வரை இருப்பார். உயிரோடிருந்தால் வரமாட்டார். திரும்பாத புருஷன்மாரைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பெண்கள் புன்னைக்காயலிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் வந்தார்கள். சிலர் அழுதுகொண்டு போனார்கள். காலிப் பெஞ்சைப் பார்த்துவிட்டுப் போன ஒருத்திக்கு, மறுமாதம் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது.

வில்பிரட் பாடாமல் வைத்திருந்தது தன் அண்ணன் கஸ்பாரின் பாட்டை மட்டும்தான். 1971 ஐப்பசியில் கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணி புயலில் உடைந்தது. ஐந்து பிரேதம் ஒதுங்கியது, கஸ்பார் ஒதுங்கவில்லை. மூழ்கும்போது அவன் பெண்டாட்டி கிரேசியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக வில்பிரட் ஒரு வரி கட்டியிருந்தான். அதைப் பாடி மைனியின் தாலியைத் தன் கையால் இறக்க அவனுக்கு மனசு வரவில்லை. கிரேசியும் கேட்கவில்லை. கருவாட்டுக் களத்தில் வேலை முடித்து வந்து முதல் பெஞ்சில் உட்காருவாள், பின்னால் யார் வந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். அப்படியே மூன்று வருஷம் போயிற்று. 1976 ஆனியில் ஒரு ஞாயிறு, அவன் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டாள்.

“வில்பிரட்டு, இன்னைக்கு உங்க அண்ணனப் பாடு.”

“வேண்டாம் மைனி.”

“செத்தாச்சுன்னா அழுதுட்டுப் போறேன். இருக்காருன்னா ஏசிட்டுப் போறேன். ரெண்டும் இல்லாம எத்தன வருசம் இருக்கதுக்கு?”

பாடினான். இரண்டாவது சரணத்தில் கஸ்பார் வந்தான். துளி ஈரமில்லை. காதோரம் நரைத்து, தொப்பை விழுந்து, யாரும் பார்த்திராத கட்டம்போட்ட சட்டையில் இருந்தான். கண் மஞ்சளாக இருந்தது, முழங்கையில் ஆஸ்பத்திரிப் பஞ்சு ஒட்டியிருந்தது. வில்பிரட்டின் விரல் கம்பியில் வழுக்கியது. இந்த ஐந்து வருஷமும் தான் தூங்காமல் கிடந்தது இந்தச் சட்டைக்காகவா என்று நெஞ்சு எரிந்தது. கூப்பிட்டதாகக் கட்டிய அந்த வரி வந்தபோது அதை மாற்றாமல் அண்ணன் முகத்தைப் பார்த்தே பாடினான். கஸ்பார் தரையைப் பார்த்தான்.

கிரேசி எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனாள். பொத்தான் தைத்திருந்த சிவப்பு நூலைத் தடவிப் பார்த்தாள். சட்டைக் காலரைத் திருப்பி, அங்கே இருந்த துணிச்சீட்டை எழுத்துக்கூட்டி வாசித்தாள்: செபஸ்தியான் டெய்லர், மன்னார்.

“நல்லாத்தான் பாத்திருக்கா,” என்றாள். பிறகு, “போதும் வில்பிரட்டு, நிப்பாட்டு.”

மறுநாள் தாலியைக் கழற்றினாள். கோயிலில் அவன் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கப் பணம் கொடுத்தாள், மரணப் புத்தகத்தில் ‘இறந்த இடம்’ என்ற கட்டத்தைச் சாமியார் வெறுமையாக விட்டார். அந்த டெய்லருக்குக் காகிதம் போடச் சொல்லி வில்பிரட்டை ஒரு மாதம் நச்சரித்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். பதில் மன்னாரில் கஸ்பாரோடு குடும்பம் நடத்திய செபமாலை என்ற பெண்ணிடமிருந்து வந்தது. அவர் மாசி மாதம் மஞ்சக்காமாலையில் போனார், தனக்கு யாருமில்லை என்றுதான் சொல்லியிருந்தார், அடக்கம் முடிந்த பிறகும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது என்று எழுதியிருந்தாள். வரச் சொல்லி எழுது என்றாள் கிரேசி.

1977 பங்குனியில் செபமாலை தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, ரயிலில் பாம்பன் பாலம் தாண்டி, பஸ் பிடித்து ஒரு தகரப்பெட்டியோடு வந்தாள். கிரேசி அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. நேரே படிப்பகத்துக்குக் கூட்டிவந்து, ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, கடைசி பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்தாள். அன்று கூட்டம் அதிகம். இரண்டாவது சரணத்தில் கஸ்பார் அதே சட்டையில் வந்து, உட்கார இடமில்லாமல் நின்றான். இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஏளா, கொஞ்சம் அங்கன தள்ளு,” என்று செபமாலையிடம் சொல்லிவிட்டுக் கிரேசி இந்தப் பக்கம் நகர்ந்தாள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது. கஸ்பார் உட்கார்ந்தான். வில்பிரட் மூன்றாவது சரணத்துக்குப் போனான்.