சைபரில் தொடங்கும் வரிசை

கிருஷ்ணராஜ் ஒரு கையால் சோற்றைப் பிசைந்தபடி மற்றக் கையால் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தான். தண்ணிப் போத்தல் கடையின் விநியோகத்துக்காக அவன் எழுதும் கணினி ஸ்கிரிப்ட் அது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டுத் தோட்டம் முழுக்க அதில் ஒரு அரே என்ற பட்டியல், அதற்குள் வரிசைகள், ஒவ்வொரு வரிசையும் தன் வீடுகளை அடக்கிய இன்னொரு அரே. அரேயில் எண்ணிக்கை சைபரில்தான் தொடங்கும். போத்தல் கொண்டு வருகிறவர்களின் போனில் தெரிவதும் கதவில் இருப்பதும் ஒத்துப்போகட்டும் என்று, போன கிழமைதான் எல்லாக் கதவுகளிலும் அப்படியே பெயின்ட் அடித்திருந்தான். மூன்றாம் வரிசையில் நாலாவதான அவர்கள் வீட்டுக் கதவில் 2-3.

"முதல் வீட்டு ஸீனத் ராத்தா இன்னும் கோவத்தில இருக்கிறா," என்றாள் மனைவி அருந்ததி. "'என்ட வூட்டுல சைபர் எண்டு எழுதினா மகளுக்கு மாப்புள எப்புடி வருவான்?' எண்டு கேக்கிறா."

"சைபர்தான் முதல் இடம் எண்டு சொல்லும். மாப்பிள்ளைமார் கியூவில நிப்பாங்க."

அவள் சிரித்து முடிக்கவில்லை, கதவு உடைந்து விழுந்தது. ஹெல்மெட் போட்ட இருவர். கிருஷ்ணராஜ் சோற்றுக் கையோடு எழுந்து, "தம்பி, என்ன..." என்றான். முதல் வெடி அவன் தாடையைப் பிய்த்தது. தவழ்ந்து அவள் பக்கம் வரப் பார்த்தான். சுட்டவன் முதுகில் மிதித்து நின்று பிடரியில் சுட்டான். அருந்ததி பாய்ந்து அவன் கையைக் கடித்தாள். மற்றவன் ஹெல்மெட்டால் அவள் வாயில் குத்தினான்; பற்கள் உடைந்தன.

செத்த வீட்டிலேயே கதை தொடங்கிவிட்டது. "போதைத் தூள் யாவாரமாத்தான் இருக்கும். சும்மா சுடுவானா?" பொலிசும் அப்படித்தான் எழுதியது. கணவனைக் கொன்றது போதாதென்று அவன் பெயரையும் கொல்கிறார்கள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுட்டவன் பிடிபட்டான். ஸ்டேஷனில் அவளைக் கூப்பிட்டார்கள்.

"ரெண்டாம் வரிசை, மூண்டாம் வீடு எண்டுதான் சொல்லி அனுப்பினவங்களாம்," என்றார் அதிகாரி. "உங்கட வீடு அது இல்லையே. அப்ப ஏன் உங்கட்ட வந்தான்?"

அருந்ததி மேசையிலிருந்த பேனையை எடுத்துத் தன் உள்ளங்கையில் 2-3 என்று எழுதி நீட்டினாள்.

"எங்கட கதவில 2-3 எண்டு இருக்கு, சேர். அவன் அதை வாசிச்சிருக்கிறான். உண்மையான ரெண்டாம் வரிசை மூண்டாம் வீட்டில 1-2 எண்டு இருக்கும். அது பேதுருட வீடு."

"சைபரில இருந்து எவனம்மா வீடு எண்ணுவான்?"

"அவர் எண்ணினார், சேர்."

துறைமுகப் பக்கத்துக் கும்பலொன்றோடு பேதுருவுக்குப் பகை என்பது தோட்டத்துக்கே தெரியும். அவன் வீடு பூட்டிக் கிடந்தது. அருந்ததி அம்மிக் குழவியைத் தூக்கிவந்து அந்தக் கதவை இடித்தாள். பலகை பிளந்து, கையில் இரத்தம் வழியும்வரை இடித்தாள். ஒருவரும் தடுக்கவில்லை.

கிருஷ்ணராஜுக்கும் எந்தக் கும்பலுக்கும் தொடர்பில்லை என்று பொலிஸ் பிறகு நீதிமன்றத்தில் சொன்னது. இப்போது வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருக்கும் அருந்ததி, அந்த நீதிமன்ற அறிக்கையை, கொலைச் செய்தி போட்ட செய்தித்தளத்துக்குத் திருத்தச் சொல்லி அனுப்பினாள், போனும் எடுத்தாள். பார்க்கிறோம் என்றார்கள். அவன் பெயரை அடித்துத் தேடினால் இன்றும் முதலில் வருவது அந்தப் பழைய செய்திதான்: "பாதாளக் குழு உறுப்பினர் கொட்டாஞ்சேனையில் சுட்டுக் கொலை."