கையால் எழுதிய சாட்சியம்

கோர்ட்டு டைப்பிஸ்ட்டின் வீட்டில், இறந்துபோன ஒரு சிறுமி செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து கட்டிலுக்கு அடியில் காலுறை தேடிக்கொண்டிருந்தாள். தலையில் ரிப்பன், ஒரு காலில் வெள்ளைக் காலுறை, மறுகால் வெறுங்கால். டைப்பிஸ்ட்டின் கணவர் குனிந்து பார்த்தார். "கோர்ட்டு வேலைய வீட்டுக்குக் கொண்டுவராதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்று முணுமுணுத்தபடி பெட்டிகளை நகர்த்தி அவளுக்கு வழிவிட்டார்.

இத்தனை வருடமாக டைப்பிஸ்ட் அடித்துத் தள்ளிய சாட்சியங்களில் ஒரு வரிகூட அவர் மனதில் தங்கியதில்லை. வெட்டு, குத்து, தீ எல்லாம் காது வழியே வந்து விரல் வழியே போய்விடும். படுத்தால் தூக்கம் வந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை மின்சாரம் போய்க் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. நீதிபதி அவசரக்காரர், கையால் எழுதிக்கொள்ளச் சொன்னார். பள்ளி வேன் கவிழ்ந்த வழக்கு. கூண்டில் நின்றவள் செத்துப்போன பிள்ளையின் தாய். அவள் பேச்சுக்கு ஈடுகொடுக்கக் கைக்கு வேகம் ஏது? எதை எழுதுவது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து டைப்பிஸ்ட் எழுதினார். நிறுத்துப் பார்த்ததெல்லாம் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. காலுறையைக் காணாமல் அன்று காலை பிள்ளை தேடியதும், நேரமாயிற்று என்று தாய் திட்டி ஒற்றைக் காலுறையோடு வேனில் ஏற்றியதும் அதில் இருந்தன.

திங்கட்கிழமைக்குள் அதை டைப் செய்து கொடுக்க வேண்டும். ரிப்பன் பற்றிய வரி இருந்த முதல் பக்கத்தை அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது சிறுமியின் தலையில் ரிப்பனைக் காணோம். பொய் சொல்வானேன், அடிக்க அடிக்க இப்படியே மறைந்துவிடுவாள், தொல்லை விட்டது என்றுதான் டைப்பிஸ்ட் முதலில் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை அந்தத் தாய் அலுவலக வாசலில் வந்து நின்றாள். "போலீசுல சொன்னேன், ஆஸ்பத்திரியில சொன்னேன், வக்கீல்கிட்ட சொன்னேன். எல்லாரும் கம்ப்யூட்டர்ல அடிச்சுக்கிட்டாங்க மேடம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவ கொஞ்சம் கொஞ்சமா போயிட்டா. ரிப்பன் என்ன கலர்னுகூட இப்பத் தெரியல."

டைப்பிஸ்ட் யோசித்துப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. மிச்சப் பக்கங்களையும் அடித்துவிட்டால் அந்தப் பிள்ளை இந்த உலகத்தில் யாரிடமும் இருக்காது.

தாயைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப்போய், சமையலறை மேசையில் தான் எழுதிய தாள்களையும் ஒரு பேனாவையும் வைத்தார். "இதைப் பார்த்து நீங்களே எழுதுங்க. அவசரமில்ல."

பேனா பிடித்துப் பழக்கம் விட்டுப்போன கை, கோழி கிளறியதுபோல எழுதியது. பச்சை ரிப்பன் என்ற இடத்தில் உள்ளறையில் ஏதோ சரசரத்தது. பாதியில் தாய் நிமிர்ந்தாள்.

"நான் திட்டினதையும் எழுதணுமா?"

"எழுதுங்க."

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு எழுதினாள். எழுதி முடித்தபோது சிறுமி பச்சை ரிப்பனோடு வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றாள். இனி மிச்சத்தை அடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

பஸ் ஏற்றிவிட டைப்பிஸ்ட்டும் கூடப் போனார். நல்ல கூட்டம். நடத்துநர் தாயைப் பார்த்தார், அவள் இடுப்பு உயரத்துக்குக் குனிந்தும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஒன்றரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.